கத்திரி வெயிலும் கார்முகிலும்

திருமுல்கேரியில் மே மாதத்துப் பிற்பகலில் தெருவில் நடப்பவர் எவரும் நிமிர்ந்து வானத்தைப் பார்ப்பதில்லை. மதில் ஓரமாக விழும் ஒரு முழ நிழலையே கண்கள் தேடும். இராணுவக் குடியிருப்புகளின் வேப்பமரங்களுக்கு அடியில் ஆட்டோக்கள் வரிசையாக ஒதுங்கி நிற்கும். சாலையோரத்தில் நுங்கு விற்பவரிடம் தெலுங்கர்கள் 'முஞ்சலு' என்று கேட்பார்கள். மதராஸ் படைப்பிரிவுகளைத் தொடர்ந்து வந்து, பல தலைமுறைகளாக இந்தப் பாசறை நகரில் வேரூன்றிவிட்ட தமிழ்க் குடும்பத்தினர் நுங்கு என்றே கேட்பார்கள். விற்பவருக்கு இரண்டும் தெரியும்.

மாலை நான்கு மணியை நெருங்கும்போது காட்சி மாறுகிறது. காற்று சட்டென்று நின்றுவிடுகிறது. தொடுவானத்தில் கருநீலத் திட்டு ஒன்று எழுந்து பரவுகிறது. முதலில் வருவது மழையன்று, புழுதி. பிறகு சாய்ந்தடிக்கும் மழை. சில நாட்களில் ஆலங்கட்டி. மின்சாரம் நின்றுபோகிறது. முக்கால் மணி நேரத்தில் எல்லாம் ஓய்ந்து, மண்வாசனையோடு குளிர்காற்று வீசத் தொடங்கியதும் மாடிகளில் மக்கள் தோன்றுகிறார்கள். 'அப்பாடா, வெயில் தணிந்தது' என்ற ஒரே பேச்சு தெலுங்கிலும் உருதுவிலும் தமிழிலும் கேட்கிறது.

அந்த நிம்மதியைப் பற்றித்தான் இங்கே பேச விரும்புகிறோம். வெயில் நோய், மழை அதற்கு மருந்து என்றே நாம் எண்ணிப் பழகியிருக்கிறோம். கோடையைப் பொறுத்தவரை இவ்விரண்டும் பகைவர்கள் அல்லர். தாயும் பிள்ளையும் ஆவர். பகலின் வெப்பமே மாலையின் புயலைப் பெற்றெடுக்கிறது. இதில் கவனிக்க வேண்டிய கொடுமை ஒன்று உண்டு. இரண்டு மணி வெயிலுக்கு நமக்கு அடைக்கலம் தந்த மரமும் மதிலும் தகரக் கூரையும், ஐந்து மணிக் காற்றில் நம்மீதே விழக்கூடியவை. காலையில் கற்ற பாதுகாப்புப் பாடத்தை மாலையில் மறந்துவிட்டு வேறொன்றைக் கைக்கொள்ள வேண்டிய பருவம் இது.

2024: ஒரு வாரத்தின் கணக்கு

நம் நாட்டின் பரப்பை உணர்த்த வரைபடத்தைவிட 2024-ஆம் ஆண்டு மே மாதத்தின் கடைசி வாரம் நன்கு உதவும். மே 25 அன்று இராஜஸ்தானின் பாலைநில ஊரான பலோதியில் வெப்பம் 50 டிகிரி செல்சியஸைத் தொட்டது. 2016-ஆம் ஆண்டு மே 19 அன்று 51 டிகிரி பதிவான அதே ஊர்தான். மறுநாள் 26-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை. வடமேற்கு இந்தியா அனலில் வெந்துகொண்டிருந்த அந்த மாலையில் தெலங்கானாவின் பல மாவட்டங்களைச் சூறைக்காற்றுடன் கூடிய இடிமழை தாக்கியது. மாநிலமெங்கும் 13 பேர் உயிரிழந்தனர். நாகர்கர்னூல் மாவட்டத்தில் கட்டிக்கொண்டிருந்த கோழிப்பண்ணைக் கொட்டகையின் சுவர் இடிந்து விழுந்ததில் மட்டும் நால்வர் இறந்தனர். அதே இரவில் ரெமல் புயல் வங்கக் கடலிலிருந்து எழுந்து, மேற்கு வங்கத்தின் சாகர் தீவுக்கும் வங்கதேசத்தின் கேப்புப்பாராவுக்கும் இடையே கரையைக் கடந்தது.

அனல், இடிமழை, புயல் ஆகிய மூன்றும் ஒரே நாட்டில், ஒரே நாளில் நிகழ்ந்தன.

இரண்டு நாட்களுக்குப் பின், 28-ஆம் தேதி, அந்தப் புயலின் எச்சம் கொட்டிய மழையில் மிசோரம் தலைநகர் ஐசால் அருகே கல்குவாரி ஒன்று சரிந்து, பலர் புதையுண்டனர். 29-ஆம் தேதி தில்லி முங்கேஷ்பூர் நிலையத்துக் கருவி 52.9 டிகிரி காட்டியது. அந்தக் கருவி உண்மை அளவைவிட ஏறத்தாழ 3 டிகிரி கூடுதலாகக் காட்டியதென்று பின்னர் ஆய்வில் தெரிந்தது. செய்தி பரவிய வேகத்தில் திருத்தம் பரவவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 30-ஆம் தேதி கேரளத்திலும் வடகிழக்கின் பல பகுதிகளிலும் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டதாக இந்திய வானிலை ஆய்வுத் துறை அறிவித்தது. ஆனால் வடக்கே வெயில் விடவில்லை. ஜூன் 1 அன்று நடந்த மக்களவைத் தேர்தலின் இறுதிக் கட்ட வாக்குப்பதிவில் உத்தரப் பிரதேசத்தில் மட்டும் தேர்தல் பணியாளர் 33 பேர் வெப்பத்தால் இறந்ததாக அம்மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரி தெரிவித்தார். வாக்குச்சாவடியில் காவல் நின்றவர்களும் துப்புரவுப் பணியாளர்களும் அவர்களுள் அடக்கம்.

தில்லி அந்த வெயிலிலிருந்து மீண்டது எப்படி? ஜூன் 28 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் சப்தர்ஜங் நிலையத்தில் 228.1 மில்லிமீட்டர் மழை பெய்தது. 1936-க்குப் பிறகு ஜூன் மாதத்தில் ஒரே நாளில் அங்கே இவ்வளவு பெய்ததில்லை. தண்ணீர்ப் பஞ்சத்துக்காக லாரிகளின் பின்னே குடங்களோடு ஓடிய நகரம், ஒரு மாதத்துக்குள் சுரங்கப்பாதைகளில் மூழ்கிய வண்டிகளை மீட்டுக்கொண்டிருந்தது.

அனல் எப்படிப் புயலாகிறது?

ஐதராபாத் கடல்மட்டத்திலிருந்து 500 மீட்டருக்கும் மேல் உயர்ந்த தக்காணப் பீடபூமியில் அமைந்திருக்கிறது. இங்கே எங்கு நோக்கினும் உருண்டு திரண்ட கருங்கற் பாறைகள். இருநூற்றைம்பது கோடி ஆண்டுகள் பழைமையானவை. பகல் முழுதும் இப்பாறை வெப்பத்தை உண்கிறது, இரவில் உமிழ்கிறது. ஏப்ரல், மே மாதங்களில் நிலம் காய்ந்து கிடக்கும்போது அதன்மேல் உள்ள காற்று சூடேறி, இலேசாகி, மேலெழுகிறது. அது மட்டுமானால் வெறும் சூடான நாள்தான். வங்கக் கடலிலிருந்து ஈரக்காற்று உள்நாட்டுக்குள் நுழையும் நாட்களில் கதை மாறுகிறது. மகாராஷ்டிரத்தின் விதர்பாவிலிருந்து தெற்கே தமிழ்நாடு வரை, கோடையில் காற்றழுத்தத் தாழ்வுப் பள்ளம் ஒன்று அடிக்கடி நீண்டு கிடக்கும். இருபுறத்துக் காற்றும் அந்தக் கோட்டில்தான் சந்திக்கின்றன. தெலங்கானா அதன் வழியிலேயே இருக்கிறது.

ஈரமும் வெப்பமும் சேர்ந்த காற்று மேலே செல்லச் செல்லக் குளிர்ந்து, அதிலுள்ள நீராவி துளிகளாகிறது. துளியாகும்போது நீராவி தன்னுள் மறைத்து வைத்திருந்த வெப்பத்தை வெளியிடுகிறது. அந்த வெப்பம் மேகத்தை மேலும் மேலே தள்ளுகிறது. சில மணி நேரத்தில் பன்னிரண்டு, பதினைந்து கிலோமீட்டர் உயரத்துக்குக் கார்முகில் கோபுரம் எழுந்துவிடுகிறது. விமானங்கள் சுற்றிக்கொண்டு செல்வது இதைக் கண்டுதான். அதன் உச்சியில் பனிக்கட்டித் துகள்கள் உரசிக்கொள்வதில் மின்னேற்றம் பிறக்கிறது. கனம் தாங்காத துளிகள் கீழே விழும்போது, வழியில் உள்ள வறண்ட காற்றில் ஒரு பகுதி ஆவியாகி அக்காற்றைக் குளிர்விக்கிறது. குளிர்ந்த காற்று கனமானது; அருவி போல் கொட்டித் தரையில் மோதி நாற்புறமும் சிதறுகிறது. மழைக்கு முன்னே புழுதியைக் கிளப்பிக்கொண்டு வரும் அந்த முதற்காற்று இதுவே. நாம் முகத்தை நீட்டி வாங்கிக்கொள்ளும் அதே குளிர்ந்த காற்றுதான் விளம்பரப் பலகைகளைச் சாய்க்கிறது. 2024 மே 13 அன்று மும்பையின் காட்கோபரில் பெட்ரோல் நிலையத்தின்மீது மாபெரும் பலகை ஒன்று விழுந்து 17 பேர் இறந்ததும் இத்தகைய புழுதிக்காற்றில்தான். 2018 மே மாதத் தொடக்கத்தில் இராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் ஓரிரவில் நூற்றுக்கு மேற்பட்டோரைப் பலிகொண்டதும் இதன் பெரிய வடிவமே. உறங்கிக்கொண்டிருந்தவர்கள்மீது வீடுகள் இடிந்து விழுந்தன.

இந்தக் காற்றுக்கு நாடெங்கும் பெயர்கள் உண்டு. வடக்கே 'ஆந்தி'. வங்காளத்தில் 'கால்பைசாகி'; வைகாசியின் காலன் என்று பொருள் சொல்லலாம். கேரளத்திலும் கர்நாடகத்திலும் மாங்காய்களைப் பழுக்க வைக்கும் மழை என்ற அன்பான பெயர். நமக்குக் கத்திரி வெயில் இருப்பதுபோல் தெலுங்கருக்கு 'ரோகிணி கார்த்தெ' உண்டு. அந்த நாட்களில் உரலும் வெடிக்கும் என்பது அவர்கள் வழக்கு. ஆக, கோடைப் புயல் புதியதன்று. புதியது அதன் முதலீடு. காற்றின் வெப்பம் ஒரு டிகிரி உயர்ந்தால் அது தாங்கக்கூடிய நீராவி ஏறத்தாழ 7 சதவீதம் கூடுகிறது. கணக்கில் இருப்பு கூடினால் எடுக்கும் தொகையும் கூடும் என்பது வங்கி வாடிக்கையாளருக்கு விளக்க வேண்டியதில்லை.

பாறை நகரமும் அதன் ஏரிகளும்

கருங்கல் நிலம் தண்ணீரை எளிதில் உறிஞ்சாது. இதை அறிந்த முன்னோர் மேட்டிலிருந்து பள்ளத்துக்குச் சங்கிலி போல ஏரிகளை வெட்டினர். ஒன்று நிரம்பினால் உபரி அடுத்ததற்குப் போகும். உசேன் சாகர் குதுப்சாகி மன்னர் காலத்தில், 16-ஆம் நூற்றாண்டில் வெட்டப்பட்டது. சங்கிலியின் வலிமை அதன் கடைசிக் கண்ணி வரையில்தான் என்பதை 1908 செப்டம்பர் 28 காட்டியது. மூசி ஆற்றுப் பெருவெள்ளத்தில் ஏறத்தாழ 15,000 பேர் மாண்டதாகச் சொல்லப்படுகிறது. பின்னர் ஆராய வந்த பொறியாளர் விசுவேசுவரய்யா, ஆற்றின் நீர்ப்பிடிப்பில் இருந்த 788 ஏரிகளில் 221 உடைந்தன என்று கண்டறிந்தார். இன்றைய உஸ்மானியா மருத்துவமனை வளாகத்துப் புளியமரம் ஒன்றின்மேல் ஏறி 150 பேர் உயிர் தப்பினர். அம்மரம் இன்றும் நிற்கிறது. அவருடைய யோசனையின் விளைவாக எழுந்த உஸ்மான் சாகரும் இமாயத் சாகரும் 1920-களில் நிறைவுற்று, நகரத்தின் காவல் அணைகளாயின.

அது பருவமழைக்காலத்து வெள்ளம். ஆனால் அதே பாறை, அதே சரிவு கோடை மழைக்கும் பொருந்தும். ஏரிகளும் அவற்றை இணைத்த கால்வாய்களும் வீட்டுமனைகளானபின், முக்கால் மணி நேர மழைக்குக்கூடச் சாலைதான் வாய்க்கால். 2024 மே 7 மாலையில் நகரின் சில பகுதிகளில் சில மணி நேரத்துக்குள் 10 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. அதற்கு முந்திய நாட்கள் கடும் வெயில் நாட்கள். பாச்சுபள்ளியில் கட்டுமானத்தில் இருந்த அடுக்குமாடியின் தடுப்புச் சுவர், அருகே தங்கியிருந்த தொழிலாளர் குடிசைகளின்மேல் சரிந்தது. ஒடிசாவிலிருந்தும் சத்தீஸ்கரிலிருந்தும் பிழைக்க வந்த ஏழு பேர் இறந்தனர். அவர்களில் நான்கு வயதுக் குழந்தையும் ஒன்று.

கட்டடத் தொழிலாளி சுவரோரமாகக் குடிசை போடுவது ஏன்? அங்கேதான் நிழல் இருக்கிறது. அங்கேதான் இடம் கொடுக்கிறார்கள். பகலெல்லாம் அந்த வெயிலில் உழைத்தவர்களை மாலையில் அந்தச் சுவர் கொன்றது. நாம் வீடு கட்டும்போது, நம் குடியிருப்புச் சங்கம் மதில் எழுப்பும்போது, தொழிலாளர் எங்கே உறங்குகிறார்கள் என்று ஒருமுறை போய்ப் பார்ப்பது கடன் தவணையைச் சரிபார்ப்பதற்குச் சற்றும் குறைந்த வேலையன்று. மதிலில் நீர் வெளியேறத் துளைகள் இருக்கின்றனவா என்பதையும் கேளுங்கள். மண்ணில் ஊறிய நீரின் அழுத்தமே பெரும்பாலான தடுப்புச் சுவர்களைத் தள்ளிச் சாய்க்கிறது.

சத்தமில்லாத மரணம்

இடி முழங்கிக் கொல்லும். வெயில் சத்தமின்றிக் கொல்லும். 2015 மே மாதத்து வெப்ப அலையில் இந்தியாவில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர்; அவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆந்திரப் பிரதேசத்தையும் தெலங்கானாவையும் சேர்ந்தவர்கள். ஐதராபாதில் இதுவரை பதிவான உச்ச வெப்பம் 45.5 டிகிரி, அது 1966 ஜூன் 2 அன்று பதிவானது. எண்ணை மட்டும் பார்த்தால், அறுபது ஆண்டுகளுக்கு முந்திய வெயிலே பெரிது என்று தோன்றும். அன்று ஓடும் கல்லும் வேய்ந்த கூரைகளின் கீழ் உறங்கியவர்கள் இன்று சிமென்ட் ஷீட்டின் கீழும் கான்கிரீட்டின் கீழும் உறங்குகிறார்கள். பகலின் சூட்டைவிட, இரவிலும் தணியாத சூடே முதியோரின் இதயத்தை அதிகம் வாட்டுகிறது.

சமவெளியில் வெப்பம் 40 டிகிரியை எட்டி, இயல்பைவிட 4.5 டிகிரி கூடியிருந்தால் வானிலைத் துறை அதனை வெப்ப அலை என்கிறது. 45 டிகிரியைத் தொட்டால் வேறு கணக்கு வேண்டியதில்லை. கடலோரத்துக்கு 37 டிகிரியே வரம்பின் தொடக்கம். காரணம் நம் மண்பானையில் இருக்கிறது. வறண்ட காற்றில் பானையின் மேற்பரப்பு நீர் ஆவியாகி உள்ளிருப்பதைக் குளிர்விக்கிறது. மழைநாளில் அதே பானை குளிர்வதில்லை. நம் உடலும் வியர்வையால் குளிரும் பானைதான். ஐதராபாதின் 42 டிகிரியைத் தாங்கிவிடும் உடல், சென்னையின் ஈரமான 38 டிகிரியில் தளர்ந்துபோவது அதனால்தான். இடிமழை பெய்து ஓய்ந்த மறுநாளும் இதே தொல்லை: ஈரம் தங்கிவிடுகிறது, வெயில் திரும்பி வருகிறது. முதல் நாள் மழையை நம்பி, குடையும் தண்ணீரும் இன்றி வெளியே கிளம்புபவர் ஏமாந்துபோகிறார்.

தெலங்கானாவில் 'வடதெப்ப' என்று அனைவரும் அஞ்சும் வெப்ப மயக்கத்தின் அறிகுறி தாகம் அன்று, குழப்பம். பேச்சு தடுமாறும், நடை தள்ளாடும், உடல் கொதிக்கும். அந்நிலையில் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழலில் புகுந்துவிடும். ஆடையைத் தளர்த்தி, உடல் முழுதும் நீர் தெளித்து விசிற வேண்டும். கழுத்திலும் அக்குளிலும் ஈரத்துணி வைக்க வேண்டும். 108-ஐ அழைத்துவிட்டு வண்டி வரும்வரை குளிர்விப்பதை நிறுத்தக் கூடாது. மருத்துவமனை சென்றபின் பார்த்துக்கொள்ளலாம் என்ற அரை மணி நேரமே உயிரின் விலை.

இதில் நம்பிக்கையூட்டும் செய்தியும் உண்டு. 2010 மே மாதத்தில் அகமதாபாதில் 46.8 டிகிரி வெப்பம் தாக்கியபோது, வழக்கத்தைவிட 1,344 பேர் அதிகமாக இறந்தனர். அந்தப் பாடத்திலிருந்து 2013-இல் அந்நகரம் வெப்பச் செயல்திட்டம் ஒன்றை வகுத்தது. தெற்காசியாவின் முதல் திட்டம் அது: முன்னெச்சரிக்கை, குடிநீர்ப் பந்தல், மருத்துவர்களுக்குப் பயிற்சி, ஏழைகளின் கூரைக்கு வெள்ளைப் பூச்சு. பிற நகரங்கள் அதனைப் பின்பற்றின. தெலங்கானா அரசு 2023 ஏப்ரலில் குளிர்கூரைக் கொள்கையை வெளியிட்டு, ஐந்தாண்டுகளில் 300 சதுர கிலோமீட்டர் கூரைப்பரப்பைக் குளிர்விக்க இலக்கு வைத்தது. அதில் 200 ஐதராபாதுக்கு உரியது. நாம் அறிந்த சுண்ணாம்புப் பூச்சே இதன் மூலம். மாடி வீட்டுக்காரர் மார்ச் மாதத்தில் ஒரு நாள் செலவிட்டால், கீழே உறங்குபவர் மே மாதம் முழுதும் சில டிகிரி குளிர்ச்சியை அனுபவிப்பார். 2025 ஏப்ரலில் அதே அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, உயிரிழந்தோர் குடும்பத்துக்கு உதவித்தொகையை ₹4 இலட்சமாக உயர்த்தியது. குஜராத், இராஜஸ்தான், மகாராஷ்டிரம் ஆகிய மாநிலங்களின் உழைக்கும் பெண்கள் 50,000 பேருக்கு 2024-இல் சேவா அமைப்பு செய்த ஏற்பாடு இன்னும் எளிமையானது: வெப்பம் 40 டிகிரியைத் தாண்டினால் ₹400 அவர்கள் கைக்குச் சேரும். ஒரு நாள் வேலைக்குப் போகாமல் வீட்டில் இருக்க ஒரு பெண்ணுக்கு எது தேவையோ, அதையே அது கொடுக்கிறது.

இரண்டு எச்சரிக்கைகள், இரண்டு கடிகாரங்கள்

மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்ற வண்ணங்கள் இன்று எல்லோருக்கும் தெரியும். மஞ்சள் என்றால் கவனியுங்கள். ஆரஞ்சு என்றால் ஆயத்தமாகுங்கள். சிவப்பு என்றால் செயல்படுங்கள். பலர் கவனிக்காதது ஒன்று உண்டு. வெப்ப எச்சரிக்கை நாள் கணக்கில் வருவது. ஐந்து நாட்களுக்கு முன்பே சொல்லிவிடலாம். இடிமழை எச்சரிக்கையோ மூன்று மணி நேரத்துக்கு உரியது. கார்முகில் உருவானபின்தான் ரேடார் அதைப் பார்க்க முடியும். எனவே காலை நாளிதழில் படித்த வெப்ப எச்சரிக்கை மாலைக்கு உதவாது. பிற்பகல் மூன்று மணிக்கு மீண்டும் ஒருமுறை கைப்பேசியைப் பார்க்க வேண்டும். வானிலைத் துறையின் 'மௌசம்' செயலியும், புணேயின் வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் உருவாக்கிய 'தாமினி' செயலியும் இதற்கெனவே உள்ளன. தாமினி, நாம் நிற்கும் இடத்தைச் சுற்றி மின்னல் விழுவதைச் சொல்லும்.

கைப்பேசி இல்லாதவருக்கும் கணக்கு உண்டு. மின்னலைக் கண்டபின் முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் புயல் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது. அடுத்த மின்னல் நம்மீதே விழலாம். உடனே கட்டடத்துக்குள் செல்ல வேண்டும். கடைசி இடிக்குப் பின் அரை மணி நேரம் வெளியே வரலாகாது. மரத்தடி மட்டும் வேண்டா. இந்தியாவில் மின்னலால் அண்மை ஆண்டுகளில் ஆண்டுக்கு 2,500-க்கும் மேற்பட்டோர் இறக்கின்றனர். அவர்களுள் வயலில் இருந்தவர்களும் மரத்தடியில் ஒதுங்கியவர்களும் பலர். பகல் முழுதும் எந்த மரத்தை நாடச் சொன்னோமோ, அதைத்தான் இப்போது விட்டு ஓடச் சொல்கிறோம்.

இருபது ரூபாயும் ஒரு தேதியும்

இனி நம் தொழிலுக்கு வருவோம். புயலுக்குப் பின் கிளைக்கு வரும் குடும்பங்களைப் பார்த்துப் பார்த்துக் கற்றவை இவை.

மின்னல் தாக்கியோ சுவர் விழுந்தோ ஒருவர் இறந்தால் அது விபத்து மரணம். ஆண்டுக்கு ₹20 செலுத்தும் பிரதமர் சுரக்ஷா பீமா திட்டத்தில் சேர்ந்திருந்தால், குடும்பத்துக்கு ₹2 இலட்சம் கிடைக்கும். இயற்கைச் சீற்றத்தால் நேரும் மரணமும் இதில் அடங்கும். ஆனால் விபத்து என்பதற்குச் சான்று வேண்டும். துயரத்தின் வேகத்தில், காவல் நிலையத்துக்கும் மருத்துவமனைக்கும் சொல்லாமல் அடக்கம் செய்துவிடும் குடும்பங்கள் பின்னர் தவிக்கின்றன. கசப்பான பேச்சுதான், ஆயினும் காவல் நிலையப் பதிவும் பிரேதப் பரிசோதனை அறிக்கையும் அன்றே பெறப்பட வேண்டியவை. வெயிலால் நேர்ந்த மரணம் விபத்தா நோயா என்ற வழக்காடல் எழக்கூடும். ஆண்டுக்கு ₹436 செலுத்தும் பிரதமர் ஜீவன் ஜோதி பீமா திட்டத்தில் அந்த வினாவே இல்லை. சேர்ந்த முதல் முப்பது நாட்களுக்குப் பின், காரணம் எதுவாயினும் ₹2 இலட்சம் உண்டு. முன்னதில் 18 முதல் 70 வயது வரையும், பின்னதில் 18 முதல் 50 வயது வரையும் சேரலாம். வாரிசுதாரர் பெயர் பதிவாகியிருக்கிறதா என்று பாஸ்புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள்.

வீட்டுக் கடனோடு எடுத்த காப்பீடு பெரும்பாலும் கட்டடத்துக்கு மட்டுமே. உள்ளே இருக்கும் குளிர்பதனப் பெட்டியும் கட்டிலும் தனி. 2021 ஏப்ரல் முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் வழங்கும் 'பாரத் கிருக ரக்ஷா' பாலிசியில் புயல், வெள்ளம், மின்னல் ஆகியவற்றுக்குக் காப்பு உண்டு. கட்டடத்தைக் காப்பீடு செய்தால் வீட்டுப் பொருள்களுக்கும் அத்தொகையில் 20 சதவீதம், ₹10 இலட்சம் வரம்புக்குள், தானாகவே சேரும். வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் வைத்திருப்பவருக்கு வெள்ளச் சேதத்தில் ஒன்றும் கிடைக்காது. முழுக் காப்பீடு வைத்திருப்பவரும், நீரில் நின்ற வண்டியின் சாவியைத் திருப்பினால் கெட்டார். எஞ்சினுக்குள் புகுந்த நீரோடு இயக்கியதால் வந்த சேதம் உங்கள் செயலின் விளைவென்று தள்ளப்படலாம். எஞ்சின் பாதுகாப்புக்குத் தனிக் கூடுதல் காப்பு எடுத்தவர்களுக்கே அது பொருந்தும். வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்ப் பட்டறையில் விடுவதே இலாபம்.

கிராமத்தில் நிலம் வைத்திருக்கும் வாடிக்கையாளர்களுக்கு: பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் நடைமுறையில் உள்ள மாநிலங்களில், ஆலங்கட்டி மழையால் பயிர் அழிந்தால் 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். அறுத்து வயலில் உலர்த்தப் போட்ட கதிர் பருவம் தப்பிய மழையில் நனைந்தாலும், அறுவடைக்குப் பின் 14 நாட்கள் வரை காப்பு உண்டு. ஞாயிறு மாலை பெய்த மழைக்கு, புதன்கிழமை மாலையோடு அந்தக் கெடு முடிந்துவிடும்.

எங்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். விளம்பரங்களில் இது வராது. 2022 ஜனவரி முதல் நடப்பில் உள்ள ரிசர்வ் வங்கி விதிகளின்படி, தீ, களவு, கட்டட இடிபாடு, ஊழியர் மோசடி ஆகியவற்றால் லாக்கரில் உள்ள பொருளுக்குக் கேடு நேர்ந்தால், வங்கி ஆண்டு வாடகையைப் போல நூறு மடங்கு வரை பொறுப்பேற்கும். வெள்ளம், மின்னல், நிலநடுக்கம் போன்ற இயற்கைச் சீற்றங்களுக்கு அந்தப் பொறுப்பு இல்லை. ஆகவே லாக்கரில் வைத்த கிரயப் பத்திரத்தையும் நீர் புகாத உறையில் இட்டே வையுங்கள். அடுத்த முறை வரும்போது மறவாதீர்கள்.

இறுதியாக அந்தத் தேதி. மேற்சொன்ன இரண்டு பிரதமர் திட்டங்களின் காப்பு ஆண்டும் ஜூன் 1 அன்று தொடங்கி மே 31 அன்று முடிகிறது. புதுப்பித்தலுக்கான தொகை மே மாதக் கடைசி வாரத்தில் சேமிப்புக் கணக்கிலிருந்து தானாக எடுக்கப்படுகிறது. பலோதி வெந்து, நாகர்கர்னூல் சுவர் விழுந்து, ரெமல் கரை கடந்த அதே வாரம்தான். பள்ளிக் கட்டணமும் ஊர்ப்பயணச் செலவும் கணக்கைத் துடைத்துவிடும் வாரமும் அதுவே. இரண்டுக்கும் சேர்த்து ₹456 இருப்பு இல்லாவிட்டால் காப்பு அற்றுப்போகும். ஜூன் முதல் வாரம் கழிந்து மிருகசீரிட கார்த்தெ பிறக்கும்போது ஐதராபாதின் மீன் சந்தைகளில் கூட்டம் நெரியும். அன்று மீன் உண்டால் உடலுக்கு நலம் என்பது இந்த ஊரார் நம்பிக்கை. திருமுல்கேரித் தெருக்களிலும் கூடைகள் வந்து இறங்கும். அந்த வாரம் மீன் வாங்கப் பணம் எடுக்க வரும்போது, ₹20-ம் ₹436-ம் பற்று வைக்கப்பட்டிருக்கின்றனவா என்று பாஸ்புத்தகத்தின் கடைசி வரிகளைப் பாருங்கள்.